உடைசல் என்று விட்ட ஐந்து

முட்டையைப் பற்றி ஒரு நாமக்கல்காரனுக்குச் சொல்லித்தர எவனும் புதிதாகப் பிறந்து வர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த நினைப்புக்கு ஒருநாள் சரியான அடி விழுந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எழுதச் சொன்னது நான் முன்பு இருந்த நிலவியல் துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள். டைனோசர் முட்டை கிடைத்தது என்று எங்கேயாவது ஒரு செய்தி வந்தால் போதும், உடனே என் கைபேசிக்கு அனுப்பிவிடுவார்கள். "அண்ணே, நீங்க தொட்டிருக்கீங்களாமே, நெசமாலுமா?" என்று கேள்வி வேறு. தொட்டிருக்கிறேன். தொட்டதில்தான் கோளாறே. அனுப்புகிற செய்திகளில் பாதிக்குப் பாதி முட்டையே இல்லை, வெறும் உருண்டைக்கல். உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை என்றால் காவேரிக் கரை முழுக்க முட்டைக்கடைதான் போட வேண்டும்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையக் குடும்பம் எங்களுடையது. எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அண்ணன் பொன்னுசாமி காட்டில் கோழிக்கொட்டகை போட்டபோது நானும் கூட நின்றேன். எழுபதுகளின் தொடக்கம் அது. அப்போதுதான் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் கொட்டகை முளைத்துக்கொண்டிருந்தது. முட்டை பொறுக்குவதும் தரம் பிரிப்பதும் என் வேலை. இரண்டு முட்டையை ஒரே கையில் எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டினால் போதும். கீறல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். முழுசு அட்டைக்குப் போகும், உடைசல் தனிக் கூடைக்குப் போகும். உடைசல் லாரி ஏறாது. அதை ஊட்டுக் குழம்புக்கும் ரொட்டிக் கடைக்கும் தள்ளிவிடுவோம். விற்பனை முட்டைக்கான பண்ணை என்பதால் எங்களிடம் சேவலே கிடையாது. ஆயிரக்கணக்கான முட்டையைத் தொட்ட கை இது. ஆனால் ஒரு முட்டையிலிருந்து குஞ்சு வெளியே வருவதை அந்தப் பண்ணையில் நான் பார்த்ததே இல்லை. இது ஒரு குறை என்று அப்போது தோன்றவும் இல்லை.

பிறகு அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. சேலத்தில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்கு அட்டெண்டர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். முதல் ஏழெட்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லைத் துடைத்தேன், கல்லுக்கு எண் எழுதினேன், கல் வெட்டும் எந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். தேர்வு நாளில் மேசை மேல் கல்லைப் பரப்பி, சாயங்காலம் திரும்ப அடுக்கினேன். "என்னடா, காலேசுல கல்லு தொடைக்கறதுக்குமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று அண்ணன் கேலி பேசுவார். கோழிப்பீ அள்ளுவதற்கு இது தேவலை என்பேன்.

வேலை என்று ஒன்றை நான் கற்றுக்கொண்டது லோகநாயகி மேடம் துறைத் தலைவராக வந்த பிறகுதான். ஆத்தூர் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, வெயிலில் போகும்போது தலைக்கு ஆம்பிளை மாதிரி ஒரு துண்டு. குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தித் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. களத்துக்குப் போனால் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். எழுதுவது எப்போதும் பென்சிலில்தான், மை மழையில் கரையும் என்று.

அவரிடம் கல் எடுப்பது என்றால் சாமி கும்பிடுவது மாதிரி, ஒரு முறை உண்டு. கிடக்கிற இடத்திலேயே முதலில் படம் வரைய வேண்டும். வடக்கு எந்தப் பக்கம் என்று கல்லின் மேலேயே ஒரு அம்பு போட வேண்டும். மேலே பார்த்துக் கிடந்த பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் எண். இத்தனையும் முடிந்த பிறகுதான் கல்லில் கை. "எடுத்துட்டா அது வெறும் கல்லு. எடுக்கறதுக்கு முன்னாடி வரைக்கும்தான் அது சாட்சி" என்பார்.

களக் குறிப்பேட்டில் இடது பக்கம் பார்த்ததை எழுத வேண்டும், வலது பக்கம் நினைத்ததை. ஒன்று இன்னொன்றின் பக்கத்துக்குப் போகக் கூடாது. ஒருதடவை கல்வராயன் அடிவாரத்தில் ஒரு பெரிய பாறையைக் காட்டி, "இது மேல இருந்து உருண்டு வந்ததுங்க" என்றேன்.

"உருண்டதைப் பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"நினைச்சேனுங்க."

"அப்ப வலது பக்கம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். எட்டாவது படித்த அட்டெண்டரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார், துறைக்கு வருகிற பெரிய மனிதர்களிடமும் அதே குரலில் கேட்பார். அதனாலேயே பெரிய மனிதர்கள் அதிகம் வருவதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஊருக்குப் போயிருந்தேன். முட்டையின் ஓடு கெட்டியாக இருக்கக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் குருணை கலப்பார்கள். நாமக்கல் ஓரத்தில் அந்தக் கல்லை அரைக்கும் மில் ஒன்று இருந்தது. மில்காரர் அண்ணனுக்குச் சினேகிதர். கிழக்கே அரியலூர் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளிலிருந்து அவருக்கு லாரியில் கல் வரும். அன்றைக்கு அவர் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என்முன் வைத்தார்.

"ஏனுங்க, நீங்க கல்லுப் படிச்சவங்களாச்சே. இதைப் பாருங்க. லோடுல வந்துச்சு. உருண்டையா இருக்குதேன்னு எடுத்து வெச்சேன்" என்றார்.

பெரிய தேங்காய் அளவு இருந்தது. ஒரு பக்கம் உடைந்து, உள்ளே கல்லும் மண்ணுமாக இறுகிக் கிடந்தது. வெளியே மட்டும் ஒரு நாணயக் கனத்தில் ஓடு, அதன் மேலெல்லாம் கம்பு தூவின மாதிரி பொடிப்பொடி மேடு. என் விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. "அண்ணா, இது முட்டைங்கண்ணா" என்றேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கோழிகளெல்லாம் கலைந்தன.

மேடம் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை லென்ஸை வைத்து ஓட்டைப் பார்க்க ஆரம்பித்தவர், மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தார். ஓட்டில் ஊசி குத்தின மாதிரி துளைகள், கணக்கில்லாமல்.

"உங்க கோழி முட்டையில இவ்வளவு துளை இருந்தா என்ன ஆகும்?"

"உள்ள இருக்கறது காய்ஞ்சு போயிருமுங்க."

"அப்ப இது வெளியில வெச்ச முட்டை இல்ல. மண்ணுக்குள்ள ஈரத்துல புதைச்சு வெச்சது. ஆமை வைக்குதே, அந்த மாதிரி. காத்து உள்ள போறதுக்கு இவ்வளவு துளை வேணும்" என்றார். பிறகு, "இது ஒண்ணா இருக்காது. ஒரு குழியில கூட்டமா வெச்சிருக்கும்" என்றார். சொன்ன கையோடு பென்சிலை எடுத்து, வலது பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஓய்வுபெற அவருக்கு இரண்டு வருடம்கூட இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

லாரி வந்த வழியைக் கேட்டுக்கொண்டு அந்த வாரமே ஜீப்பில் போனோம். ஓடையோரம் ஒரு குழி. சுண்ணாம்பு கலந்த வெளுத்த மண், வெட்டி எடுத்த சுவர் ஆள் உயரம். இரண்டு நாள் தேடி, சாயங்கால வெயிலில் கண்டுபிடித்தோம். தரையில் புதைந்தபடி வட்டம் வட்டமாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பதினொன்று. தலை மட்டும்தான் வெளியே, அதுவும் ஈரமண் அப்பிக்கொண்டு. மேடம் மண்டி போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து வேலை செய்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதினொரு வட்டத்தையும் அளந்து வரைந்து எண் போட்டார். ஓடைப் பக்கம் ஆறு, மேட்டுப் பக்கம் ஐந்து.

"இவ்வளவு பெரிய பிராணி, மேல உட்கார்ந்தா முட்டை கூழாயிடும். குழி தோண்டி வெச்சுட்டு, மண்ணை மூடிட்டுப் போயிருக்கும். சூடு மண்ணோட பொறுப்பு" என்றார். அப்போது வெளிநாட்டில் ஒரு குன்றில் வேறு வகை டைனோசர் கூடுகள் கிடைத்திருந்தன. அவற்றில் பொரித்த குஞ்சுகள் கூட்டிலேயே கிடந்து, மிதித்து மிதித்து ஓடெல்லாம் நொறுங்கியிருந்தது என்று படித்திருந்தார். அப்படியென்றால் தாய் இரை கொண்டுவந்து கொடுத்திருக்கும். "நம்ம ஊர்ப் பிராணி எப்படின்னு தெரியணும். பொரிச்சுதா, பொரிக்கலையா? பொரிச்சிருந்தா இங்கயே இருந்ததா, உடனே போயிடுச்சா? அதுக்குத்தான் எல்லாத்தையும் அப்படியே பார்க்கணும்" என்றார்.

மறுநாள் காலை, குழி வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்க அனுமதி கேட்க அவர் ஜீப்பில் ஊருக்குள் போனார். போகும்போது வானத்தைப் பார்த்தார். "மழை வந்தா மட்டும் எடுங்க. எப்படி எடுக்கணும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை."

அவர் போய் ஒரு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஓடை கலங்கி வர ஆரம்பித்தது. குழியில் வேலை செய்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொன்றையும் கழுவினேன், அம்பு போட்டேன், மேல்பக்கம் சிவப்புப் புள்ளி வைத்தேன். என்னிடம் இருந்தது மூன்று மரப்பெட்டி. வைக்கோல் வைத்து அடைத்தால் பெட்டிக்கு இரண்டு. ஆக ஆறுதான் போகும்.

அங்கேதான் என் கை தன் வேலையைக் காட்டியது. கழுவக் கழுவத் தெரிந்தது, ஓடைப் பக்கத்து ஆறும் முழுசு, மேட்டுப் பக்கத்து ஐந்தும் உடைசல். கொட்டாங்கச்சி மாதிரி மேலே திறந்து, உள்ளே ஓட்டுத் துண்டுகளும் மண்ணும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் விட்டுவந்த பண்ணை, அந்த மழையில் என் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. முழுசு பெட்டிக்கு, உடைசல் ஓரத்துக்கு. யோசிக்கவே இல்லை. ஐந்தையும் எடுத்துக் குழிமேட்டில், லாரிக்காகக் குவித்திருந்த கற்குவியல் பக்கம் வைத்துவிட்டு, ஆறையும் தாய் பிள்ளையைப் பொதிகிற மாதிரி பொதிந்தேன். கீறல் இல்லாத ஆறு! எனக்கு ஒரே பெருமை.

மேடம் நனைந்துகொண்டே வந்தார். ஓடை ஏறினால் பாதை அடைத்துவிடும் என்று டிரைவர் அவசரப்படுத்த, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஓடையைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் அவர் திரும்பிக் கேட்டார்.

"பெட்டி மூணுதானே. மீதியை எதுல வெச்சீங்க?"

"மீதி அஞ்சும் உடைசலுங்க மேடம். வேண்டாம்னு விட்டுட்டனுங்க. நல்லது ஆறும் பத்திரமா இருக்குதுங்க."

"முட்டை எப்ப உடையும்?" என்று கேட்டார்.

"கீழ உழுந்தா உடையுமுங்க. அடுக்கறப்ப நசுங்குனா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. குஞ்சு வெளியே வந்தாலும் முட்டை உடையும்.

"வண்டியைத் திருப்புங்க" என்றார். திருப்பினோம். ஓடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இறங்குகிறேன் என்று நான் சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. குவியல் இருந்த இடம் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. லாரி உயரம் என்பதால் முந்தின நாளே ஓடையைத் தாண்டி லோடு போய்விட்டது என்றார்கள். எங்கே என்றதற்கு நாமக்கல் மில் பெயரைச் சொன்னார்கள். அங்கிருந்து நேராக முசிறி வழியாக நாமக்கல். வழியில் ஒரு டீக்குக்கூட நிறுத்தவில்லை. மில் வாசலுக்குப் போனபோதே எந்திரச் சத்தம் கேட்டது. மில்காரர் வெள்ளைப் பொடியில் குளித்தமாதிரி வெளியே வந்தார்.

"அடடா, சாமி! காலைலயே ஓடி முடிஞ்சுதுங்களே. மூட்டையெல்லாம் பண்ணைகளுக்குப் போயிருச்சுங்க. உங்க அண்ணனுக்குமே எட்டு மூட்டை போயிருக்குது" என்றார். மேடம் தரையில் கிடந்த குருணையைக் கையில் அள்ளி, லென்ஸை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் தட்டிவிட்டார். நான் ஓரமாகப் போய் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. அந்த வாரம் எங்கள் கொட்டகைக் கோழிகள் போட்ட முட்டையின் ஓட்டில் அந்த ஐந்தும் கொஞ்சம் இருந்திருக்கும். ஊருக்குப் போய் அண்ணன் ஊட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, முட்டை இறங்கவில்லை.

துறைக்கு வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் மணல் பரப்பிய பெரிய தட்டு, பக்கத்தில் ஒரு சாக்கு நிறையத் தேங்காய். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. சாபம் விடப் போகிறார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்தக் குழியைக் கழுவிப் பார்த்தது உலகத்துல நீங்க ஒருத்தர்தான். எனக்குத் தெரிஞ்சது மண்ணு மூடின பதினொரு வட்டம். அதனால நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். வரைபடத்துல இருக்கற மாதிரி வைங்க."

வைத்தேன். மேட்டுப் பக்கத்து ஐந்தில் முதலாவதான ஏழாவது எண்ணிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

"இதை ஏன் வேண்டாம்னு விட்டீங்க?"

"மேல ஓட்டைங்க."

"ஓட்டை எவ்வளவு அகலம்?" தேங்காய் மேல் விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். "பக்கவாட்டுல?" "நல்லா இருந்துச்சுங்க." "அடியில?" "அடி முழுசுங்க. தட்டிப் பார்த்தேன்." "உள்ள கிடந்த துண்டுங்க?" "பெரிய துண்டுங்களா நாலஞ்சு. நொறுங்கலீங்க." "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" "பார்த்தேனுங்க. கையில எடுத்துப் போட்டுட்டுத்தான் ஓரமா வெச்சேன்."

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. எனக்கே ஆச்சரியம், ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. முழுசு ஆறையும் பற்றிக் கேட்டிருந்தால் திணறியிருப்பேன். நல்ல முட்டையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உடைசலைத்தான், எங்கே உடைந்தது, எவ்வளவு உடைந்தது என்று கண் பார்த்துவிட்டுத் தள்ளும். பதினொன்றாவது முடிந்ததும் மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஐந்துக்கும் மேலதான் ஓட்டையா?"

"அல்லாத்துக்குமே மேலதானுங்க."

"பாறை விழுந்து நசுங்கியிருந்தா முழுசா இருக்கற ஆறும் நசுங்கியிருக்கணும். தண்ணி உருட்டியிருந்தா ஓட்டை நாலா பக்கமும் இருக்கணும்." எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "மேட்டுப் பக்கத்து அஞ்சும் பொரிச்சிருக்கு. ஓடு நொறுங்கலைங்கறதால, குஞ்சு கூட்டுல தங்கலை. வந்ததும் போயிடுச்சு. ஓடைப் பக்கத்து ஆறும் தண்ணி இறங்கிச் செத்திருக்கு" என்றவர், உடனே தன்னையே திருத்திக்கொண்டார். "கடைசி ரெண்டும் வலது பக்கம்."

அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. நான் நல்லது என்று பொதிந்துகொண்டு வந்தது செத்த ஆறு. உடைசல் என்று விட்டுவந்ததுதான் பிழைத்தவை. நாமக்கல் கணக்குக்கும் அந்தக் குழியின் கணக்குக்கும் நேர்எதிர்.

என் வாய்ச்சொல்லை மேடம் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆறில் ஒன்றை எடுத்து எந்திரத்தில் வைத்து, நான் தண்ணீர் ஊற்ற, செங்குத்தாக இரண்டாக வெட்டினார். உள்ளே கீழ்ப்பாதி பழுப்பு மண், மேல்பாதி வெள்ளைப் படிகம். நடுவில் நூல் பிடித்த மாதிரி மட்டமான கோடு. அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் வழியாக உள்ளே இறங்கின சேறு, தண்ணீர் மட்டத்தில் படிந்த கோடு. என் சிவப்புப் புள்ளி அந்தக் கோட்டுக்கு நேர் மேலே இருந்தது. "மேல்பக்கம்னு நீங்க சொன்னா அது மேல்பக்கம்தான்" என்றார். பாராட்டு என்று அவரிடம் நான் வாங்கினது அந்த ஒன்றுதான்.

மாதம் இரண்டு கழித்துக் கல்கத்தாவிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். தமிழர்தான், பெரிய பேர் எடுத்தவர். அவர் ஒப்புக்கொண்டால் கட்டுரை வரும், அந்த ஓடைக்கரையைக் காப்பாற்ற மேலே எழுதலாம். முந்தின நாள் மேடம் என்னிடம், "பதினொன்னு இருந்ததுன்னு நான் சொல்லுவேன், அது நான் பார்த்தது. மீதி அஞ்சு எப்படி இருந்ததுன்னு நான் பார்க்கலை. அதனால சொல்ல மாட்டேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால், கிடைத்த பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவன் என்று காகிதத்தில் ஏறும். வேலைக்கே வினை வரலாம். பெண் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

நிபுணர் ஆறையும் தடவித் தடவிப் பார்த்தார். "அற்புதம். இந்த மாதிரி முழுசாக் கிடைக்கறதே அபூர்வம். ஆனா பாவம், ஒண்ணுகூடப் பொரிக்கலை. மொத்தக் கூடும் செத்துப்போன கூடு" என்று எழுதிக்கொண்டார்.

"குழியில் பதினொன்னு இருந்தது" என்றார் மேடம்.

"மீதி?"

"எடுத்து வரலை."

"அது எப்படி இருந்தது?"

"நான் பார்க்கலை."

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். டீத் தட்டோடு நின்றிருந்த நான் தட்டை மேசையில் வைத்தேன்.

"நான் பார்த்தனுங்கய்யா" என்றேன். "அஞ்சுக்கும் மேல ஓட்டைங்க, அடி முழுசுங்க. உடைசல்னு நெனச்சு நாந்தான் விட்டுட்டு வந்துட்டனுங்க. அது பொரிச்சதுங்கய்யா. செத்த கூடுன்னு மட்டும் எழுதீராதீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீ யாருப்பா?" என்றார். சொன்னேன். என்ன படிப்பு என்றார். அதையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், அட்டெண்டர் சொன்னார்னு கட்டுரையில எழுத முடியாது. கையில இருக்கறது ஆறு. ஆறும் பொரிக்கலை. அதை மட்டும் எழுதுவோம், நல்லாவே வரும். உங்க பேர் முதல்ல" என்றார்.

"அப்படின்னா எழுத வேண்டாம்" என்றார் மேடம். குரல் உயரவில்லை. "பாதிக் குழியை எழுதினா அது பொய்."

கட்டுரை வரவில்லை. ஓடைக்கரைக்காக யாரும் எதுவும் எழுதவில்லை, குழியில் கல் எடுப்பது வழக்கம்போல நடந்தது. எனக்கு மட்டும் விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். மேடம் ஓய்வுபெற்று ஆத்தூருக்கே போய்விட்டார். பிற்காலத்தில் வேறு மாநிலங்களிலும் வெளிநாட்டிலும் இதே மாதிரிக் கூடுகள் நிறையக் கிடைத்தன. மேல்பக்கம் திறந்து அடிப்பக்கம் முழுசாக இருந்தால் பொரித்தது என்று அந்தப் புத்தகங்களிலேயே போட்டிருக்கிறது. மண்ணில் புதைத்து வைத்தது, ஒரே இடத்தில் கூட்டமாக வைத்தது, குஞ்சு தன் பாட்டுக்குக் கிளம்பிப் போனது, எல்லாம். அதைப் படித்த அன்றைக்கு ஆத்தூருக்கு பஸ் ஏறினேன். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஓய்வுபெறுவதற்கு முன் அவர் ஒரு வேலை செய்தார். தச்சரை வைத்துப் பெரிய மரத்தட்டு ஒன்று செய்யச் சொன்னார். அதில் வரைபட அளவுக்குப் பதினொரு குழி. வெட்டின முட்டையை ஒட்டி, ஆறையும் அதனதன் குழியில் நானே வைத்தேன். மேட்டுப் பக்கத்து ஐந்து குழியில் என்ன வைப்பது, பிளாஸ்டர் மாவில் செய்து வைக்கலாமா என்று கேட்டேன். "காலியாவே இருக்கட்டும்" என்றார்.

அவர் ஓய்வுபெற்றுப் போன சில வருடங்களில் துறையில் பொருள் சரிபார்க்க வேறு துறையிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர், ரொம்பக் கறார். பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு அலமாரி அலமாரியாக வந்தவர் அந்தத் தட்டின் முன் நின்றுவிட்டார். குழியை ஒருதடவை எண்ணினார், கல்லை ஒருதடவை எண்ணினார். பிறகு துறைத் தலைவர் காதில் விழும்படி, "குழி பதினொன்னு இருக்கு, முட்டை ஆறுதான் இருக்கு. அஞ்சு காணோம். இதுக்கு யார் பொறுப்பு?" என்றார்.

"நாந்தானுங்க" என்று முன்னால் போனேன். "ஆனா அது காணாமப் போகலீங்க. அந்த அஞ்சும் பொரிச்சுப் போயிருச்சுங்க."